காமா பயில்வான்: காவலைத் தாண்டியவர், காவலாக நின்றவர்

மறைந்த ஒருவரின் வாழ்க்கையை இதழுக்கு ஒன்றாகச் சொல்லிவரும் இந்தப் பகுதியில் இம்முறை ஒரு பயில்வானைப் பார்ப்போம். பெயர் காமா. தாரா சிங், கிங் காங் குஸ்திக் கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்காது.

அவரைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் உண்டு. நம் கம்யூனிட்டி ஹாலில் ஞாயிறு காலைகளில் பாய் விரித்து பிரேசிலியன் ஜியு-ஜிட்சு பழகும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் மல்லாந்து படுத்துக் கால்களை மடக்கி வைத்திருப்பார். இன்னொருவர் அந்தக் கால்களைத் தாண்டி அவருடைய பக்கவாட்டில் போய்ச் சேர முயல்வார். ஒரு மணி நேரம் அதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். கீழே விழுந்தவர் தோற்றவர்தானே, பிறகு ஏன் இத்தனை பாடு என்று தாத்தா பாட்டிகள் கேட்பது நியாயம்தான். அந்தக் கேள்விக்கு காமாவின் வாழ்க்கையில் ஒரு நல்ல பதில் இருக்கிறது.

கால்களே கோட்டை

நம் நாட்டுக் குஸ்தியில் முதுகும் தோளும் மண்ணில் பட்டால் ஆட்டம் முடிந்தது. ஜியு-ஜிட்சுவில் கணக்கு வேறு. அங்கே மல்லாந்து கிடப்பது தோல்வி அல்ல. கீழே இருப்பவர் தன் இரண்டு கால்களையும் எதிரிக்கும் தனக்கும் நடுவே வேலிபோல வைத்துக்கொள்வார். இந்த நிலைக்கு கார்டு என்று பெயர், அதாவது காவல். அந்தக் கால்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், மேலே இருப்பவர்தான் ஆபத்தில் இருக்கிறார். கழுத்தை நெரிக்கலாம், கையை மடக்கிப் பூட்டலாம், அப்படியே புரட்டியும் போடலாம்.

நம் மலைக்கோட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பாறையின் அடிவாரத்தில் நின்றுகொண்டு கோட்டையைப் பிடித்துவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஏறி உள்ளே போக வேண்டும். அதைப் போலத்தான் மேலே இருப்பவரும் அந்தக் கால் வேலியைத் தாண்டி, எதிரியின் பக்கவாட்டில் நெஞ்சோடு நெஞ்சு அழுத்தி நிலைகொள்ள வேண்டும். அதற்கு கார்டு பாஸ் என்று பெயர். தாண்டியபின் மூன்று விநாடி அங்கே நிலைத்தால் போட்டியில் 3 புள்ளி.

தாண்டுவதற்கு வரிசை முறை உண்டு. முதலில் முதுகை நிமிர்த்தி உட்கார வேண்டும். குனிந்தால் கீழே இருப்பவர் இழுத்துக்கொள்வார். அடுத்து, தன் இடுப்பைச் சுற்றிப் பின்னியிருக்கும் அவருடைய கணுக்கால்களைப் பிரிக்க வேண்டும். அதன்பின் மூன்று வழிகளில் ஒன்று. எதிரியின் முழங்கால்களைப் பிடித்து ஒரு பக்கம் தள்ளிவிட்டு மறுபக்கம் சுற்றி ஓடலாம். காளைச் சண்டைக்காரர் துணியைக் காட்டி ஒதுங்குவதுபோல இருப்பதால் இதற்கு டொரியாண்டோ என்று பெயர். அல்லது தன் முழங்காலை எதிரியின் தொடைக்குக் குறுக்கே செருகி நடுவில் அறுத்துக்கொண்டு போகலாம். அல்லது இரண்டு கால்களையும் அடியிலிருந்து அள்ளித் தூக்கி, அவரை மடக்கி அழுத்திக்கொண்டே சுற்றி வரலாம். கீழே இருப்பவரும் சும்மா இருக்க மாட்டார். இறால் மீன்போல இடுப்பை வளைத்து நழுவி, மறுபடி கால்களை நடுவில் கொண்டுவருவார். ஆகவே அவசரம் இங்கே உதவாது. ஒவ்வொரு படியாக இடத்தைப் பிடித்து, பிடித்த இடத்தை விடாமல் முன்னேற வேண்டும்.

இனி காமாவிடம் போவோம்.

பத்து வயதில் கோதாவில்

காமாவின் இயற்பெயர் குலாம் முகமது பக்ஷ் பட். 1878-ல் பஞ்சாபின் அமிர்தசரஸ் பகுதியில் ஜப்போவால் கிராமத்தில் பிறந்ததாகச் சொல்வார்கள். காஷ்மீரிலிருந்து வந்து குடியேறிய பயில்வான் குடும்பம். தந்தை அஜீஸ் பக்ஷும் பயில்வான்தான். காமாவுக்கு ஆறு வயது ஆனபோது தந்தை இறந்துவிட்டார். தாய்வழித் தாத்தா பொறுப்பேற்றார். அவரும் மறைய, ஈடா பயில்வான் என்ற உறவினர் வளர்த்துப் பயிற்சி கொடுத்தார்.

1888-ல் ஜோத்பூரில் ஒரு போட்டி நடந்தது. பல ஊர்களிலிருந்து 400-க்கும் மேற்பட்ட பயில்வான்கள் வந்திருந்தார்கள். யார் அதிக பஸ்கி எடுப்பது என்பதுதான் பந்தயம். கடைசிவரை தாக்குப்பிடித்த பதினைந்து பேரில் பத்து வயதுச் சிறுவன் காமாவும் ஒருவன். வயதைக் கருதி மகாராஜா அவனையே வெற்றியாளன் என்று அறிவித்தார். அதன்பின் ஒரு வாரம் சிறுவன் படுக்கையை விட்டு எழவில்லையாம்.

பிறகு ததியா சமஸ்தானத்து மகாராஜா அவரைத் தன் ஆதரவில் எடுத்துக்கொண்டார். நாள்தோறும் கோதாவில் நாற்பது பேரோடு பிடி போட்டுப் பழகுவாராம். ஆயிரக்கணக்கில் பஸ்கியும் தண்டாலும் எடுப்பாராம். பால், நெய், பாதாம் கணக்கெல்லாம் ஊருக்கு ஊர் கூட்டிக் குறைத்துச் சொல்லப்படுவதால் அதற்குள் நாம் போக வேண்டாம். வளர்ந்தபின் அவர் உயரம் 5 அடி 7 அங்குலம்தான் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1895-ல், பதினேழு வயதில், நாட்டின் தலைசிறந்த பயில்வானாக இருந்த ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவோடு மோதினார். அவர் குஜ்ரன்வாலாக்காரர். காமாவைவிட வயதில் மிகவும் மூத்தவர், உயரமோ ஏறத்தாழ ஏழு அடி. சுலபமாக முடிந்துவிடும் என்று எல்லோரும் நினைத்த குஸ்தி நெடுநேரம் நீடித்துச் சமனில் முடிந்தது. அன்றிலிருந்து இந்தியா முழுக்க காமா பெயர் பரவியது.

லண்டனில் ஒரு ஆமை

1910-ல் காமாவும் தம்பி இமாம் பக்ஷும் வேறு சில பயில்வான்களோடு லண்டன் போனார்கள். அங்கு நடந்த சர்வதேசப் போட்டியில் உயரம் போதாது என்று காமாவைச் சேர்க்கவில்லை. அவர் வெளிப்படையாகச் சவால் விட்டார். எந்த எடையிலும் மூன்று பேர் வரட்டும், முப்பது நிமிடத்துக்குள் மூவரையும் வீழ்த்துகிறேன் என்பது அந்தச் சவாலின் சாரம். முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு அமெரிக்க மல்லர் பெஞ்சமின் ரோலர் முன்வந்தார். தொழிலில் அவர் மருத்துவர். முதல் சுற்றில் 1 நிமிடம் 40 விநாடியில் அவர் வீழ்ந்தார். இரண்டாம் சுற்று 9 நிமிடங்களில் முடிந்தது. அதன்பின்தான் காமாவுக்குப் பெரிய வாய்ப்பு வந்தது.

1910 செப்டம்பர் 10. ஜான் புல் பட்டத்துக்கான குஸ்தி. பரிசு 250 பவுண்டு. எதிரே போலந்துக்காரர் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோ. காமாவைவிட மிகவும் கனத்தவர். பின்னாளில் 1921-லும் 1925-லும் அமெரிக்காவில் உலகப் பட்டம் வென்ற ஆள். சாதாரண மல்லர் அல்ல.

ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே காமா அவரைத் தரைக்குக் கொண்டுவந்துவிட்டார். அதோடு நின்றுவிட்டது. ஸ்பிஸ்கோ குப்புறப் படுத்து, கைகால்களை உள்ளிழுத்து, வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டார். அந்தப் போட்டியின் விதிப்படி இரண்டு தோள்களையும் தரையில் படவைத்தால்தான் வெற்றி. குப்புறக் கிடக்கும் அத்தனை எடையை மல்லாத்த வேண்டும். காமா இழுத்தார், தூக்கினார், புரட்டினார். ஸ்பிஸ்கோ அவ்வப்போது சில நொடி எழுவார், மறுபடி படுத்துவிடுவார். ஏறத்தாழ 2 மணி 35 நிமிடம் இப்படியே போனது. ஆட்டம் சமன் என்று அறிவிக்கப்பட்டது. பார்க்க வந்த கூட்டம் எரிச்சலோடு கலைந்தது.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று நாம் கேலியாகச் சொல்வோம். அன்று ஸ்பிஸ்கோவுக்கு அதுவே உத்தியாக இருந்தது. ஜெயிக்க வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிட்டு, தோற்காமல் இருந்தால் போதும் என்று ஒருவர் முடிவெடுத்துவிட்டால், அவரை அசைப்பது எத்தனை கடினம் என்பதை அந்த நாள் காட்டியது. இன்றைய ஜியு-ஜிட்சுவில் இந்த நிலைக்கு ஆமை நிலை என்றே பெயர். கார்டைத் தாண்டவிடாமல் கடைசி நேரத்தில் கவிழ்ந்துகொள்பவர் வந்து சேரும் இடம் அதுதான். அதைத் திறப்பதற்கென்றே தனிப் பாடம் இருக்கிறது.

ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 17-ல் மறுபடி மோதுவதாக ஏற்பாடு. ஸ்பிஸ்கோ வரவில்லை. பட்டம் காமாவுக்கு வந்தது. ஆனால் கோதாவில் எடுக்காத வெற்றி எந்தப் பயில்வானுக்கும் முழு நிறைவைத் தராது.

பதினெட்டு ஆண்டுக் காத்திருப்பு

ஊர் திரும்பியபின் அலகாபாத்தில் காமா மறுபடி ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவைச் சந்தித்தார். இந்த முறை நீண்ட போராட்டத்துக்குப் பிறகு வென்றார். ருஸ்தம்-ஏ-ஹிந்த், அதாவது இந்தியாவின் முதல் மல்லர் என்ற பட்டம் கிடைத்தது. 1922-ல் இங்கிலாந்து இளவரசர் இந்தியா வந்தபோது அவருக்கு வெள்ளி கதாயுதம் பரிசளித்தார்.

பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் ஏற்பாட்டில், 1928 ஜனவரியில் ஸ்பிஸ்கோ இந்தியா வந்தார். இருவரும் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். பெருங்கூட்டம் கூடியிருந்தது. லண்டனில் நடந்ததுபோல இதுவும் பொழுது சாயும்வரை நீளும் என்று எண்ணி வந்தவர்கள் உட்காருவதற்குள் முடிந்துவிட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இந்தத் தடவை ஸ்பிஸ்கோவுக்குக் குப்புறப் படுத்து நிலைகொள்ள நேரமே கிடைக்கவில்லை. முதுகில் மண்ணோடு எழுந்தார்.

ஜியு-ஜிட்சு ஆசிரியர்கள் இன்று பிள்ளைகளுக்குச் சொல்லும் பாடமும் இதுதான். எதிரி வேலி கட்டி முடித்தபின் அதை உடைப்பதைவிட, கட்டும்போதே தாண்டிவிடுவது எளிது. லண்டனில் காமாவிடம் பலம் குறைவாக இருக்கவில்லை. எதிரிக்கு நிலைகொள்ள ஒரு நொடி கிடைத்தது, அவ்வளவே. அந்த ஒரு நொடியின் விலை இரண்டரை மணி நேரம்.

உலகின் மறுபக்கம்

காமா பிறந்ததாகச் சொல்லப்படும் அதே 1878-ல் ஜப்பானில் மிட்சுயோ மயேடா பிறந்தார். ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோவின் பள்ளியில் பயின்றவர். ஊர் ஊராகப் போய் மல்லர்களோடு மோதியவர். லண்டனிலும் மோதினார், ஆனால் காமா அங்கே வருவதற்கு முன்பே கிளம்பிவிட்டார். 1914-ல் பிரேசில் போய்ச் சேர்ந்து, பெலேம் நகரில் கார்லோஸ் கிரேசி என்ற இளைஞருக்குக் கற்றுக்கொடுத்தார். கார்லோஸின் தம்பி எலியோ ஒல்லியான உடல்வாகு. பெரிய ஆளைத் தூக்கி எறிய முடியாதவருக்குத் தரையில் படுத்துக் கால்களால் காத்துக்கொள்வதே வழி என்று அந்தக் குடும்பம் கார்டை வளர்த்தது. காவல் வளர வளர, அதைத் தாண்டும் கலையும் வளர்ந்தது. நம் ஹாலில் பிள்ளைகள் பழகுவது இந்த வழியில் வந்ததுதான்.

இந்தியாவுக்கும் அந்தக் கலை அப்போதே எட்டிப் பார்த்தது. 1929-ல் தாகூர் சாந்திநிகேதனுக்கு ஷின்சோ தகாகாகி என்ற ஜப்பானிய ஆசிரியரை வரவழைத்தார். மாணவிகளும் கற்றார்கள். ஆனால் அது பரவவில்லை.

காமா குடும்பம் இந்தத் தரைக்கலையின் வலிமையை ஒருநாள் நேரில் கண்டது. இமாம் பக்ஷின் மகன் அக்ரம் பயில்வான் 1976 டிசம்பரில் கராச்சியில் ஜப்பானிய மல்லர் அன்டோனியோ இனோகியோடு மோதினார். இனோகி தரையில் அவர் கையை முதுகுப்பக்கம் மடக்கிப் பூட்டினார். கை போயிற்று, மருத்துவர் ஆட்டத்தை நிறுத்தினார். அந்தப் பூட்டுக்கு கிமுரா என்று பெயர். 1951-ல் எலியோ கிரேசியை அதே பிடியால் வென்ற மசஹிகோ கிமுராவின் நினைவாக வந்த பெயர். நம் அடிமுறை ஆசான்களும் இத்தகைய பிடிகளைப் பூட்டு என்றுதான் சொல்கிறார்கள். பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: சாவி தெரியாமல் இழுத்தால் கை வலிக்குமே தவிர, பூட்டு திறக்காது.

தெருமுனையில் நின்ற கிழவர்

காமாவின் வாழ்க்கையில் மிகப் பெரிய நாள் லண்டனும் இல்லை, பாட்டியாலாவும் இல்லை.

1947. நாடு இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது. காமா லாகூரில் மோகினி சாலைப் பகுதியில் வசித்தார். வயது எழுபதை நெருங்கிவிட்டது. அந்தத் தெருவில் இந்துக் குடும்பங்கள் பல இருந்தன. நகரமெங்கும் வீடுகள் எரிந்தன. நேற்றுவரை ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தவர்கள் இன்று ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். தன் தெருவில் இருக்கும் ஒருவர்மீதும் கை படவிடமாட்டேன் என்று காமா உறுதி கொடுத்தார் என்றும், கூட்டம் திரண்டு வந்தபோது தன் பயில்வான்களோடு தெருமுனையில் போய் நின்றார் என்றும் அவர் குடும்பத்தார் சொல்லி வருகிறார்கள். முன்னால் வந்தவனுக்கு ஒரே ஓர் அறை விழுந்ததாம். கூட்டம் கலைந்தது. பிறகு அந்தக் குடும்பங்களை எல்லைவரை கொண்டுபோய் விட்டு, சில நாட்களுக்கான சாப்பாட்டுச் செலவையும் கொடுத்து அனுப்பினார் என்கிறார்கள். விடைபெறும்போது கிழவர் அழுதாராம்.

அடுத்தவருடைய காவலைத் தாண்டுவதையே வாழ்நாளெல்லாம் பழகியவர், அன்று தானே காவலாக நின்றார். அவரைத் தாண்டி யாரும் உள்ளே போகவில்லை.

கடைசி நாட்கள்

பிரிவினையோடு சமஸ்தானங்களின் ஆதரவு போயிற்று. பெற்ற மகன்களையும் இழந்திருந்தார். நோயும் பணமுடையும் சேர்ந்து வந்தன. பாகிஸ்தான் அரசு உதவியது. எல்லைக்கு இந்தப் பக்கமிருந்து தொழிலதிபர் ஜி.டி. பிர்லா பணமும் மாதாந்திர உதவித்தொகையும் அனுப்பிவைத்தார். குஸ்தி மேல் பிரியம் கொண்டவர் அவர். 1960 மே 23 அன்று லாகூரில் காமா காலமானார். பாகிஸ்தான் பிரதமராக இருந்த நவாஸ் ஷெரீபின் மனைவி குல்சூம் இவருடைய பேத்தி.

இந்தியாவில் பிறந்து பாகிஸ்தானில் மறைந்தவரை இரு நாடுகளும் தம்மவர் என்றே சொல்கின்றன. கோதாவில் அவரைத் தோற்கடித்தவர் என்று யாரையும் யாரும் சொல்வதில்லை.

நம் குடியிருப்பில் வாசலுக்கு கேட் இருக்கிறது, கேமரா இருக்கிறது, இரவுக் காவலரும் இருக்கிறார். எல்லாம் தேவைதான். அவற்றோடு, நம் தளத்தில் இருக்கும் அத்தனை வீட்டுக்காரர்களின் பெயரும் நமக்குத் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. மோகினி சாலையில் காமா நின்றது தனக்குப் பெயர் தெரிந்த மனிதர்களுக்காகத்தான்.

அடுத்த இதழில் வேறொருவரோடு சந்திப்போம்.